காணும், காணாது

எனக்கு எஞ்சின் சத்தம் பிடிக்கும். ஒரு எஞ்சின் இருமினால் எந்த இடத்தில் அடைப்பு என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். அப்பாவின் அரிசி ஆலையில் பத்து வயதில் கைபிடி சுற்றத் தொடங்கியவள் நான். ஆலை பிறகு இல்லாமல் போனது. எஞ்சினை மட்டும் கழற்றி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, இடம்பெயர்ந்த ஒவ்வொரு இடத்துக்கும் கொண்டு திரிந்தோம். அம்மாவுக்கு அந்தக் கோபம் கடைசிவரை போகவில்லை. எஞ்சினை ஏற்றியதால்தான் அவாவின் தையல் மெசினுக்குப் பெட்டியில் இடமில்லாமல் போனது.

இரண்டாயிரத்தொன்றில் அந்த எஞ்சின் எனக்கு ஒரு வேலை எடுத்துத் தந்தது. பூநகரிப் பக்கம் புதிதாகக் குடியேறிய சனத்துக்குத் தண்ணீர் இல்லை. தோண்டிய கிணறெல்லாம் உவர். ஆழமாகக் குழாய்க் கிணறு போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்று ஒரு தொண்டு நிறுவனம் தீர்மானித்தது, ஆனால் போர்க்காலத் தடையால் துளைக்கிற மெசின் எதுவும் அந்தக் காலத்தில் வன்னிக்குள் வராது. ஆகவே இருக்கிறதை வைத்து ஒன்றைக் கட்டினோம். மூன்று இரும்புக் கால், உச்சியில் ஒரு கப்பி, கப்பிக்கு மேலால் கம்பிக் கயிறு, கயிற்றைச் சுற்றி இழுக்க ஓர் உருளை, உருளையைச் சுற்ற என் எஞ்சின். நெம்பை முன்னுக்குத் தள்ளினால் கயிறு தூக்கும். கையை எடுத்தால் நிற்கும். எஞ்சினோடு நானும் போக வேண்டும் என்று அடம்பிடித்தேன். வேறு ஒருவருக்கும் அது ஸ்ராட் ஆகாது என்று சொன்னேன். பாதி உண்மை.

அந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடும். ஸ்ராட் பண்ண மட்டும் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட வேண்டும். பெற்றோல் அப்போது தங்கத்துக்குச் சமம். ஒரு பழைய ஷாம்பூப் போத்தலில் நிரப்பி, மூடியில் ஊசித் துவாரம் போட்டு, பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். என்னோடு கதைக்கிறவர்கள் பீடி பற்றவைக்க மாட்டார்கள்.

குழுவில் என்னோடு மூன்று பேர். இரண்டு பேர் முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுத்த அண்ணன் தம்பிகள், கடலுக்குப் போக முடியாமல் கயிறு இழுக்கிற இந்த வேலைக்கு வந்தவர்கள். மூன்றாவது ஆள்தான் எங்கள் தலைமை. அவரும் அதே கரைதான். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்போம். வயது நாற்பத்தைந்துக்குக் கிட்ட. எங்களில் துளைக்கிற வேலை தெரிந்த ஒரே ஆள் அவர். ஏனென்றால் அண்ணை பதினொரு வருடம் வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு துளைத்தவர்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதைகளைக் கேட்பதற்காகவே நான் காலை வேலையை ஓட்டமாகச் செய்வேன். அங்கே துளைக்கிற இடத்தில் ஒரு மேடை இருக்குமாம், முழுக்கச் சேறும் எண்ணெயும். குழாயோடு குழாய் பூட்டுகிறபோது ஒருவன் சங்கிலியை எறிந்து குழாயில் சுற்றுவான், மெசின் இழுக்கும், குழாய் சுழன்று பூட்டும்.

"சங்கிலி எறியிறவன்ரை கையைப் பாத்தா எத்தினை வருஷ சேவிஸ் எண்டு சொல்லலாம்" என்பார் அண்ணை. "எட்டு விரல் எண்டா ஐஞ்சு வருஷம். ஆறு எண்டா அவன்தான் போர்மன்."

சகோதரர்கள் சிரிப்பார்கள். அண்ணை சிரிக்க மாட்டார். துளைக்கிற கோபுரத்தின் உச்சியிலிருந்து விழுந்தவனைச் சொல்வார். ஆடிக்கொண்டு வந்த இரும்புக் கொறடு நெஞ்சில் அடித்து, நின்றபடியே இறந்துபோன பிலிப்பைன்ஸ்காரனைச் சொல்வார். மேடையைக் கழுவி ஒரு மணித்தியாலத்தில் திரும்ப வேலை தொடங்கியதையும் சொல்வார். அதைச் சொன்ன நாள் அவர் மிச்சச் சோற்றைச் சாப்பிடவில்லை. ஆனாலும் நான் இன்னொன்று சொல்லுங்கோ என்று கேட்பேன். வெட்கம் கெட்டவள்தான்.

கடைசியில் அண்ணை இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். பத்து விரல். "பதினொரு வருஷம். பத்தையும் பத்திரமாக் கொண்டந்தனான்" என்பார். அந்தக் கைகளில் அவருக்கு அவ்வளவு பெருமை. கலியாண மோதிரத்தைக்கூட வேலை நேரம் விரலில் போடமாட்டார், மாதா சுரூபத்தோடு கழுத்துக் கயிற்றில் கோத்திருப்பார். மோதிரம் எதிலாவது கொளுவினால் விரலையும் கூட்டிக்கொண்டுதான் போகும் என்பது அவர் கண்டது.

இவ்வளவும் தெரிந்த மனிதர் முதல் நாளே எங்களுக்குச் சொன்னார், வேலை நடக்கும்போது ஒருவரும் வாயால் கட்டளை சொல்லக்கூடாது, கை காட்ட வேண்டும் என்று. பெருவிரல் மேலே என்றால் தூக்கு. பெருவிரல் கீழே என்றால் இறக்கு. பொத்திய கை என்றால் நிப்பாட்டு.

நான்தான் முதலில் சிரித்தேன். "ஏன் அண்ணை, எங்களுக்கு வாய் இல்லையோ?" என்று கேட்டேன்.

"அங்கை பத்து நாட்டுச் சனம், ஒருத்தன்ரை பாஷை மற்றவனுக்குத் தெரியாது, அதாலை கை காட்டினவங்கள்" என்றார் மூத்த சகோதரர். "இஞ்சை நாங்கள் நாலு பேரும் ஒரே பாஷைதானே."

எனக்கு அது மிகவும் சரியாகப் பட்டது. அண்ணை கை காட்டும்போதெல்லாம் நான் வேண்டுமென்றே தலையைத் திருப்பி "என்ன அண்ணை, கேக்கேல்லை" என்பேன். சகோதரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் அவரும் கத்தத் தொடங்கினார். அதில் நான் ஏதோ வென்றுவிட்டதாகச் சந்தோஷப்பட்டேன்.

எட்டாம் நாள். ஆடி மாதம், சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. பூநகரி வெளியில் சோளகம் அடித்தால் பக்கத்தில் நிற்கிறவனின் தும்மல்கூடக் கேட்காது. விடிந்ததிலிருந்து துளைத்து ஐம்பதடி தாண்டிவிட்டோம். மேலே வந்த மண்ணை ஒவ்வொரு தடவையும் அண்ணை நாக்கு நுனியில் வைத்துத் துப்புவார். உப்பு. உப்பு. உப்பு. பத்து மணிபோல ஒரு பிடி வெள்ளை மணல் வந்தது. வைத்தார். துப்பவில்லை. இன்னொரு பிடி எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பாரும் தங்கச்சி."

மண் தின்றேன். உப்பு இல்லை. சனத்துக்கு எப்படித்தான் தெரிந்ததோ, பதினைந்து நிமிடத்தில் குடமும் வாளியுமாக முப்பது பெண்கள் வந்து வரிசை பிடித்துவிட்டார்கள். தண்ணீர் வர இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்.

அடுத்த வேலை, துளை இடிந்து விழாமல் வெளிப்பக்கம் இறக்கியிருந்த பெரிய குழாயை ஒரு சாண் மேலே தூக்குவது. அது மணலில் இறுகிவிட்டது. அண்ணை குழாயில் சங்கிலியைச் சுற்றி, சங்கிலியைக் கம்பிக் கயிற்றில் கொளுவினார். நான் நெம்பைத் தள்ளினேன். எஞ்சின் முக்கியது. குழாய் அசையவில்லை. இன்னும் தள்ளினேன். கறக் என்று ஒரு சத்தம், குழாய் நாலு விரல் எழும்பியது. பெண்கள் கூவினார்கள். நானும் கூவினேன் என்று நினைக்கிறேன்.

அப்போது அண்ணை ஏதோ கத்தினார்.

எங்கள் பக்கத்தில் 'காணும்' என்றால் போதும். 'காணாது' என்றால் போதாது. சோறு போடுகிறபோது, எண்ணெய் விடுகிறபோது, கயிறு இழுக்கிறபோது ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்கிற சொல். இரண்டும் ஒரே மாதிரித் தொடங்கும். முடிகிற இடத்தில்தான் ஒன்று நிற்கச் சொல்லும், மற்றது இன்னும் கேட்கும். காற்றும் எஞ்சினும் முப்பது பெண்களும் சேர்ந்து அந்த முடிவைத் தின்றுவிட்டன. எனக்குக் கேட்டது 'காண்' மட்டும்.

மிச்சத்தை நானே போட்டுக்கொண்டேன். காணாது. இன்னும் தூக்கு.

எஞ்சினின் இருமலைத் தூரத்திலிருந்து கேட்டு நோய் சொல்கிறவளுக்கு ஒரு மனிதனின் சொல் ஏன் கேட்காமல் போனது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். காற்றைக் குற்றம் சொல்லலாம். ஆனால் எனக்குத் தெரியும், அந்த நிமிடம் எனக்கு 'காணாது' தான் வேண்டியிருந்தது. தண்ணீர் வேண்டும், இப்போதே வேண்டும், குழாய் மேலே வர வேண்டும். வேண்டியது காதில் விழுந்தது.

அரைச் சுற்று, அவ்வளவுதான். அண்ணை காணும் என்று சொல்லிவிட்டு, கயிறு நின்றுவிட்டது என்ற நம்பிக்கையில், வழுக்கிக்கொண்டிருந்த சங்கிலியைச் சரிசெய்ய இடதுகையை உள்ளே விட்டிருந்தார். சங்கிலி இறுகியது.

அவர் அலறவில்லை. "நிப்பாட்டு" என்றார். அந்தச் சொல் அவ்வளவு காற்றிலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கையை எடுத்தேன், உருளையைப் பின்னுக்கு விட்டேன், சங்கிலி கழன்றது. கடைசி இரண்டு விரலும் இருந்த இடத்தில் விரல் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. அதற்குக் கீழே உள்ளங்கையின் பாதியும் நசிந்து நிறம் மாறிக்கொண்டிருந்தது.

மூத்த சகோதரர் அப்படியே குந்திவிட்டார். இளையவர் மாதாவைக் கூப்பிட்டார். அண்ணைதான் எங்களை நடத்தினார். "சுத்தமான துணி ஒண்டு. கழுவ வேண்டாம். சுத்து, நல்லா இறுக்காதை. கையை நெஞ்சுக்கு மேலை பிடிக்கவேணும். கார்க்காரரைக் கூப்பிடுங்கோ." எத்தனையோ பேருக்கு அவர் இதைச் செய்திருக்கிறார் என்பது அந்தக் குரலில் தெரிந்தது. கடைசியாக என்னைப் பார்த்து, "எஞ்சினை நிப்பாட்டும். மண்ணெண்ணெய் வீணாகுது" என்றார்.

ஆஸ்பத்திரி இருபத்திரண்டு மைல். பஸ் ஒன்று காலையில் போனால் அடுத்தது எப்போது என்று அதன் டிரைவருக்கே தெரியாது. அந்தக் குடியிருப்பு முழுவதுக்கும் ஒரு பழைய ஒஸ்ரின் கார் இருந்தது. அதன் சொந்தக்காரர் அறுபது வயது மனிதர், காரைத் தொடுவதென்றால் கையைத் துடைத்துவிட்டுத் தொடச் சொல்வார். ஓடிவந்தவர் காரைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். அதுவும் மண்ணெண்ணெயில் ஓடுவது, ஸ்ராட் பண்ணச் சொட்டுப் பெற்றோலும் இல்லை, முதல் நாள் ஒரு பெண்பிள்ளையைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனதில் முடிந்துவிட்டது.

நான் இடுப்பிலிருந்து ஷாம்பூப் போத்தலை எடுத்தேன். எஞ்சினை மூடியிருந்த பொனற்றைத் திறந்து, மூச்சு இழுக்கிற வாயில் மூன்று சொட்டு விட்டேன். "அடியுங்கோ" என்றேன். கார் உதறிக்கொண்டு எழும்பியது, அண்ணையைப் பின்சீற்றில் ஏற்றி நாங்கள் மூன்று பேரும் ஏறினோம்.

அரை மைல் போகவில்லை, பள்ளத்தில் விழுந்து எழும்பியதும் நின்றுவிட்டது. குதித்து இறங்கி, பொனற்றைத் திறந்து, சொட்டு விட்டு, மூடி, ஏறினேன். அடுத்த பள்ளம். திரும்ப நின்றது. அந்த வீதி பள்ளத்தால் ஆனது. நாலாம் தரம் இறங்கியபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஐயா, பொனற்றைக் கழட்டுவம்."

"என்ன பிள்ளை சொல்லுறீர்?"

"கழட்டி இஞ்சை பத்தைக்குள்ளை வைப்பம். நான் மட்கார்ட்டிலை இருக்கிறன். நிக்க முதலே சொட்டு விடுறன்."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார், பின்சீற்றில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணையைப் பார்த்தார். பிறகு தன் கையாலேயே பொனற்றைக் கழற்றினார்.

மிச்சப் பதினெட்டு மைலும் நான் அந்தக் காரின் முன் மட்கார்ட்டில் குந்தியிருந்து வந்தேன். ஒரு கையால் வெளிச்சக் கூட்டைப் பிடித்தபடி, மற்றக் கையில் போத்தல். எஞ்சின் திறந்தபடி காலடியில் கொதிக்கிறது. சோளகம் முகத்தில் மண்ணை வீசுகிறது. எஞ்சின் மூச்சு முட்டப் போகிறது என்பது நிற்பதற்கு ஒரு கணம் முன்பே எனக்குக் காதில் தெரியும், ஒரு சொட்டு விடுவேன், ஓடும். மாடு குறுக்கே வந்தது, கார்க்காரர் திருப்பினார், நான் விழவில்லை. சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்று வாயைப் பிளந்து பார்த்தார்கள். நூறு தரம் நிற்கப் பார்த்தது, ஒரு தரமும் நிற்க விடவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்த ஓட்டத்தில் எனக்கு உற்சாகமாக இருந்தது. பின்சீற்றில் ஒரு மனிதரின் கை போய்க்கொண்டிருக்கிறது, போக்கியவள் நான், ஆனாலும் உடம்பெல்லாம் ஒரு வெறி. வாழ்க்கையில் அவ்வளவு திறமாக நான் எதையும் செய்ததில்லை. இதை எழுதும்போதும் என் வலதுகை போத்தல் பிடிக்கிற மாதிரி மடங்குகிறது.

உள்ளே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. கண்ணாடி இல்லாத முன்பக்கத்தால் எனக்குக் கேட்டது.

"அண்ணை காணாது எண்டுதான் சொன்னவர். என்ரை காதாலை கேட்டனான்" என்றார் இளையவர்.

"விசரன். காணும் எண்டவர்" என்றார் மூத்தவர்.

"காணாது."

"காணும் எண்டுதான் சொன்னனான்" என்றது அண்ணையின் குரல், மெல்ல. என் வெறி அந்த இடத்தில் இறங்கிவிட்டது. சொட்டு விடுவதை மட்டும் விடவில்லை.

ஆஸ்பத்திரி என்பது அப்போது ஒரு பள்ளிக்கூடம். சத்திரசிகிச்சை அறை ஐந்தாம் வகுப்பு. கரும்பலகையில் யாரோ எழுதிய வாய்பாடு அழியாமல் இருந்தது. டொக்டர் ஒருவர்தான், கண் சிவந்த இளம் ஆள். துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, எங்களைப் பார்க்காமலே சொன்னார்.

"ரெண்டு விரலும் போட்டுது. உள்ளங்கை நசிஞ்சு கிடக்கு. இரத்தோட்டம் இருக்கோ எண்டு திறந்து பாத்தாத்தான் தெரியும். இல்லையெண்டா மணிக்கட்டோடை எடுக்கவேண்டி வரும்."

அண்ணை கழுத்துக் கயிற்றைக் கழற்றி, மோதிரத்தோடும் மாதாவோடும் மூத்தவரின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

மணிக்கட்டோடு. இரண்டு விரல் போனவன் வேலை செய்வான், ஆறு விரலோடு போர்மன் ஆகிறவர்களின் கதையை நான் கேட்டிருக்கிறேன். கையே போனவன் என்ன செய்வான்? சங்கிலி பிடிக்க முடியாது, தோணி தள்ள முடியாது, சோற்றுக் கோப்பையைக்கூடப் பிடித்துக்கொள்ள முடியாது. அவர் வீட்டில் நாலு பேர் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். நான் யன்னலுக்கு வெளியே நின்றேன். யன்னலுக்குச் சீலை போட்டிருந்தார்கள். ஐந்து அடி தள்ளி ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் மண்ணெண்ணெய்தான், சரியாக ஓடவில்லை. அந்த அறை லைற் அதில்தான் எரிந்தது.

அரை மணித்தியாலம் போயிருக்கும். உள்ளே டொக்டரின் குரல் கேட்டது. "காணாது."

நான் சீலையைக் கிழித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டேன். "இன்னும் வெட்டாதேங்கோ" என்று கத்தினேன். "டொக்டர், கையை விடுங்கோ, நான்தான் பிழை விட்டனான், அவரிலை வெட்டாதேங்கோ."

தாதியாக நின்ற மிஸி பயந்துபோய் ஏதோ தட்டைக் கீழே போட்டா. டொக்டர் நிமிர்ந்தார். அவரின் கண்ணில் இருந்த கோபத்தை இப்போதும் காண்கிறேன்.

"வெளிச்சம் காணாது எண்டனான். லைற் மங்குது. ஆர் நீர்?"

"எஞ்சின் ஓட்டுறனான்."

"அப்ப உந்த ஜெனரேற்றரைப் போய்ப் பாருமன், இஞ்சை என்ன பாக்கிறீர்?"

போனேன். பார்க்கவே தேவையில்லை, கேட்டபோதே தெரியும், மண்ணெண்ணெய் வருகிற குழாயில் அழுக்கு. கழற்றினால் நின்றுவிடும், நின்றால் உள்ளே இருட்டு. நிற்க விடாமல், ஒரு கையால் போத்தலில் இருந்த கடைசிப் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக ஊட்டிக்கொண்டு, மற்றக் கையால் குழாயைக் கழற்றி, வாயால் ஊதி, திரும்பப் பூட்டினேன். வாயெல்லாம் மண்ணெண்ணெய். ஜெனரேற்றர் தொண்டையைச் செருமிக்கொண்டு சரியாக ஓடியது. போத்தல் வெறுமை.

"இப்ப காணுமோ டொக்டர்?" என்று கத்தினேன்.

"காணும்."

இதற்குப் பிறகு யன்னலை விட்டு நகரவில்லை. சீலையின் கிழிசலுக்கு அருகே காதை வைத்துக்கொண்டு நின்றேன். கத்தரி வைக்கிற சத்தம். மிஸி ஏதோ கேட்டா. டொக்டர் ஏதோ சொன்னார். ஜெனரேற்றர் அதைத் தின்றுவிட்டது. எனக்குக் கேட்டது 'காண்' மட்டும்.

இந்தத் தடவை மிச்சத்தை நான் போடவில்லை.

"டொக்டர், என்ன சொன்னனீங்கள்? காணுமோ, காணாதோ?"

கிழிசலில் வாயை வைத்துத் திரும்பக் கத்தினேன்.

"காணுமோ, காணாதோ?"

"காணும்" என்றார் டொக்டர், ஒவ்வோர் எழுத்தாக. "ரெண்டு விரலோடை காணும். கை நிக்கும். இனியாவது வாயை மூடும்."

ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் மண்ணில் இருந்து அழுதேன். மண்ணெண்ணெய் நாறுகிற கையால் முகத்தைத் துடைத்ததில் கண் எரிந்து இன்னும் அழுதேன். கார்க்காரர் வந்து பக்கத்தில் நின்று, பொனற்றை மாடு மிதித்திருக்குமோ என்று கேட்டார்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். அண்ணை கட்டிலில் சாய்ந்திருந்தார், கட்டுப்போட்ட கை தலையணையில். கொண்டுபோன தோடம்பழத்தை வைத்துவிட்டு நின்றபடியே சொன்னேன்.

"அண்ணை, எனக்குக் காணாது எண்டு கேட்டது."

அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "பதினொரு வருஷம்" என்றார். "எண்ணெய்க் கிணத்திலை குடுக்காத விரலைத் தண்ணிக் கிணத்திலை குடுத்திட்டன். கை காட்டச் சொன்னனான். நீர் சிரிச்சனீர்."

"ஓம் அண்ணை."

"போம் தங்கச்சி. இப்ப போம்."

போனேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது எனக்காகத்தான் இருந்திருக்கும்.

கிணறு அப்படியே கிடந்தது. அண்ணை இல்லாமல் அந்தச் சங்கிலியைத் தொட சகோதரர்கள் சம்மதிக்கவில்லை. பெண்கள் பழையபடி இரண்டு மைல் நடந்து தண்ணீர் எடுத்தார்கள். என்னை ஒருவரும் ஏசவில்லை, அது ஏசுவதைவிட மோசம். நான் தினமும் போய் எஞ்சினைத் துடைத்துவிட்டு வருவேன். இரண்டு மாதம் துடைத்தேன். அவ்வளவு சுத்தமான எஞ்சின் அந்த வன்னியில் வேறு இருந்திருக்காது.

சோளகம் ஓய்கிற காலம், ஒருநாள் காலை, வெளியில் ஒரு சைக்கிள் வந்தது. அண்ணை ஒற்றைக் கையால் ஓட்டி வந்தார். இறங்கி, சைக்கிளை இரும்புக் காலில் சாய்த்து, குழாயைச் சுற்றி ஒருதரம் நடந்தார். சங்கிலியை எடுத்து ஒவ்வொரு வளையமாகப் பார்த்தார். பிறகு குனிந்து அதைக் குழாயில் சுற்றத் தொடங்கினார், வலதுகையால் இழுத்து, இடதுகையால் பிடித்து. அந்தக் கை பிடித்தது. சகோதரர்கள் ஓடிப்போய் உதவினார்கள். நான் எஞ்சினை ஸ்ராட் பண்ணினேன். நெம்பில் கை வைத்தேன்.

குடங்களோடு பெண்கள் திரும்ப வந்துவிட்டார்கள், ஆனால் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

அண்ணை இடதுகையை உயர்த்தினார். பெருவிரல் மேலே.

தூக்கினேன். நான் குழாயைப் பார்க்கவில்லை, தண்ணீரை நினைக்கவில்லை, எஞ்சினைக்கூடக் கேட்கவில்லை. அந்தக் கையை மட்டும் பார்த்தேன். கம்பிக் கயிறு விறைத்தது. குழாய் அசைந்தது. நாலு விரல் எழும்பியது. ஒரு சாண் எழும்பியது.

அண்ணையின் கை பொத்தத் தொடங்கியது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். மூன்றும் உள்ளங்கையைத் தொட முதலே நான் நெம்பை விட்டுவிட்டேன். கயிறு அசையாமல் நின்றது. அவர் சங்கிலிக்குள் கையை விட்டார், சரிசெய்தார், வெளியே எடுத்தார்.

பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, காற்றும் இருந்தது.

"நிப்பாட்ட மூண்டு காணும்" என்றார்.

அதை நான் சரியாகத்தான் கேட்டேன்.